மாமா சரிபார்த்த தராசு

என் அக்காவின் கணவரை எங்கள் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. 'எழுபது' என்பார்கள். "எழுபது இருக்காரா?", "எழுபதை வரச் சொல்லுங்க, தராசு மக்கர் பண்ணுது." புதிதாக வருகிறவர்கள் வயதைச் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். அவருக்கு வயது ஐம்பத்திரண்டுதான். எழுபது என்பது அவருடைய எடை.

நானும் அவரும் சேர்ந்து தராசு பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறோம். காய்கறிக் கடையின் மேசைத் தராசிலிருந்து மூட்டை ஏற்றும் பெரிய தராசு வரை எல்லாம் எங்கள் கைக்கு வரும். தராசைச் சரிபார்க்க முறையான வழி ஒன்று உண்டு. இருபது கிலோ இரும்பு எடைக்கற்கள் நான்கு, முத்திரை குத்தியவை, எங்கள் கடையில் இருக்கின்றன. அவற்றைத் தூக்கிக்கொண்டு போய்த் தராசின் மேல் வைக்க வேண்டும். எண்பது காட்டினால் சரி. காட்டாவிட்டால், பொத்தானை அழுத்தி 'இதுதான் எண்பது' என்று அதற்குப் புரியவைக்க வேண்டும்.

எண்பது கிலோ இரும்பை ஒருமுறை மாடிப்படி ஏற்றிப் பார்த்தவனுக்குத்தான் மாமாவின் குறுக்குவழி விளங்கும். அவர் கல்லைத் தூக்கமாட்டார். தானே ஏறி நின்றுவிடுவார். எழுபது காட்டினால் தராசு நல்ல தராசு. காட்டாவிட்டால், நின்றபடியே குனிந்து பொத்தானை அழுத்தி எழுபது என்று பதித்துவிட்டு இறங்குவார். கல்யாணத்துக்கு முன்னாலும் எழுபது, பின்னாலும் எழுபது. இருபது வருஷமாக விருந்தும் அவரை ஏற்றவில்லை, காய்ச்சலும் இறக்கவில்லை. "நான் மனுஷன் இல்ல மாப்ள, எடைக்கல்லு" என்று நெஞ்சைத் தட்டிக்கொள்வார். ஆரம்பத்தில் மாதம் ஒருமுறையாவது இரும்புக் கற்களோடு தன்னை ஒத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதையும் விட்டுவிட்டார்.

அது தப்பு என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். ஆனால் சரியாக வந்துகொண்டிருக்கிற தப்பை யார் திருத்துகிறார்கள்? தூக்க வேண்டிய கல்லில் பாதி என் பங்கு என்பதால் நானும் வாயைத் திறக்கவில்லை.

மற்றபடி தொழிலில் சுத்தமான மனிதர். எந்தக் கடைக்குப் போனாலும் கடைக்காரரைப் பிடித்து வைத்துப் பாடம் எடுப்பார். "பாத்திரத்தோட நிறுக்காதீங்க. காலிப் பாத்திரத்தை முதல்ல நிறுத்து, அதைக் கழிச்சுட்டுச் சொல்லுங்க. இல்லேன்னா பாவம்." ஒரு தடவை கோணிப்பையின் எடையைக் கழிக்காத பழைய இரும்புக் கடைக்காரரிடம் அரைமணி நேரம் சண்டை போட்டார். அவர் விற்கவும் இல்லை, வாங்கவும் இல்லை. சும்மா அந்தப் பக்கம் நடந்துபோனவர்.

போன வருஷக் கடைசியில் அவருக்குக் குதிகால் வலி வந்தது. அக்கா பார்த்தாள், மெத்தென்று ஒரு ஜோடி துணி ஷூ வாங்கி வந்து கொடுத்தாள். இரண்டே நாளில் வலி போயிற்று.

அதற்கு அடுத்த வாரம் தெருமுனை கிளினிக்கில் வருடாந்தர வேலை. ஒரு டாக்டரம்மா, ஒரு நர்சம்மா, சின்ன இடம். நோயாளிகள் ஏறி நிற்கிற தராசை மாமா துடைத்தார், திருகுகளை முடுக்கினார், ஏறி நின்றார். அறுபத்தெட்டு புள்ளி ஆறு.

"பாத்தியா மாப்ள, நல்லா தூங்கிட்டிருக்கு" என்று சிரித்தார். பொத்தானை அழுத்தினார், எழுபது என்று பதித்தார். தேதி எழுதி, கையெழுத்துப் போட்ட சீட்டை அதன் நெற்றியில் ஒட்டினார். நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன்.

மறுநாள் தானியக் கிடங்கு. அங்கேயும் அறுபத்தெட்டு புள்ளி ஆறு. பொத்தானுக்குப் போன கை பாதியில் நின்றது. பக்கத்திலேயே ஆலையில் கட்டி முத்திரை போட்ட ஐம்பது கிலோ மூட்டை இருந்தது. அதை ஏற்றினோம். கச்சிதமாகக் காட்டியது. மாமா சீட்டை ஒட்டிவிட்டு வந்தார். சாயங்காலம் பார்சல் ஆபீஸ். அதே அறுபத்தெட்டு புள்ளி ஆறு.

ஒரு தராசு பொய் சொல்லும். ஒன்றையொன்று பார்த்தே இராத மூன்று தராசுகள் கூடிப் பேசி ஒரே பொய்யைச் சொல்லாது. கடைக்குத் திரும்பியதும் மாமா நான்கு இரும்புக் கற்களையும் தானே இழுத்து வந்து எங்கள் தராசில் அடுக்கினார். எண்பது. கற்களை இறக்கிவிட்டு ஏறினார். அறுபத்தெட்டு புள்ளி ஆறு. அவர் முகம் வெளுத்துப்போனதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுச் சிரித்தேன். "என்ன மாமா, எடைக்கல்லு தேஞ்சுபோச்சா?"

சிரித்திருக்கக் கூடாது. அவருடைய அப்பா கதை எனக்குத் தெரியும். நல்ல ஆகிருதியான மனிதர். ஒருநாள் சட்டை தொளதொளவென்று இருக்கிறது என்று தையல்காரரிடம் கொடுத்துப் பிடித்து வாங்கினார். இரண்டு மாதம் கழித்து மறுபடியும் பிடித்தார். மூன்றாம் தடவை பிடிக்க ஆள் இல்லை. "ஒண்ணும் வலிக்கலடா, ஒண்ணும் இல்லடா" என்று சொல்லிக்கொண்டே போனவர். அந்தச் சட்டைகளில் ஒன்று இன்னும் மாமாவின் அலமாரியில், இரண்டு வரிசைத் தையலோடு தொங்குகிறது.

அன்றிலிருந்து மாமாவுக்குப் பைத்தியம் பிடிக்காத குறைதான். கடை திறந்ததும் ஒருமுறை, மத்தியானம் ஒருமுறை, பூட்டும்போது ஒருமுறை தராசில் ஏறினார். கண்ணாடிக்கு முன்னால் கன்னத்தை இழுத்துப் பார்த்தார், கழுத்தைத் தடவினார், நாக்கை நீட்டினார். நாக்கின் அடியில் இரண்டு நீல நரம்பு ஓடுகிறது, இது முன்பே இருந்ததா என்று என்னைக் கேட்டார். அடுத்தவன் நாக்கின் அடியை நான் எந்தக் காலத்தில் பார்த்தேன்? போனில் தேடுவார், தேடியதைப் படித்துவிட்டுச் சாப்பாட்டை மூடி வைப்பார். சாப்பிடாததால் அடுத்த வாரம் அறுபத்தெட்டு புள்ளி ஒன்று. அதைப் பார்த்து இன்னும் பயம், இன்னும் பட்டினி. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோதெல்லாம் இதே பேச்சுதான்.

"இங்க பாரு, கன்னம் ஒட்டியிருக்கா இல்லையா? நெஜத்தைச் சொல்லு" என்பார் அக்காவிடம்.

"நேத்து மாதிரியேதாங்க இருக்கு."

"நேத்தே ஒட்டித்தானே இருந்துச்சு!"

அக்கா பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்க்கிறாள். அங்கிருந்து வந்ததும் வராததுமாக இந்தப் பரிசோதனை தினமும் நடந்தது. தன் தட்டிலிருந்த முட்டையை எடுத்து அவர் தட்டில் வைப்பாள். "எனக்கு வேணாங்க, நீங்க சாப்பிடுங்க." அவர் அதைச் சந்தேகத்தோடு பார்த்தபடி தின்பார். ஒருநாள் அவள் இடுப்பில் பாவாடைக்கு ஊக்கு குத்திக்கொண்டிருந்தாள். மாமா அதைப் பார்த்துவிட்டு, "எனக்கும் ஒரு ஊக்கு குடு, பேன்ட் நிக்க மாட்டேங்குது" என்றார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அக்காவும் சிரித்தாள், இன்னொரு ஊக்கு எடுத்துக் கொடுத்தாள். அந்தக் காட்சியை இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்தேன். அறுபத்தேழு புள்ளி ஏழுக்கு வந்துவிட்டார். ஒருநாள் காலை, கடையில் தராசை விட்டு இறங்கியவர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்து, "எனக்கு எதாவது ஆச்சுன்னா உங்கக்காவைப் பாத்துக்க மாப்ள" என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கு எரிச்சல் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம்.

"எந்திரிங்க. இப்பவே டாக்டரம்மாகிட்ட போறோம். என்னன்னு தெரிஞ்சா தெரியட்டும்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

கிளினிக்கில் அன்று கூட்டம் இல்லை. நர்சம்மா அவரைப் பார்த்ததும், "என்ன எழுபது சார், வேலையா, உடம்பா?" என்றார். உடம்பு என்றேன் நான். "அப்ப ஏறுங்க" என்று தராசைக் காட்டினார். மாமா ஏறினார். கண்ணை மூடிக்கொண்டார்.

"அறுபத்தொம்பது புள்ளி ஒண்ணு" என்றார் நர்சம்மா.

மாமா கண்ணைத் திறந்தார். அந்த முகத்தை நான் இரண்டு மாதமாகப் பார்க்கவில்லை. தோள் இறங்கிற்று, மூச்சு வந்தது, பல்கூடத் தெரிந்தது. "மாப்ள, ஒண்ணரைக் கிலோ ஏறியிருக்கேன்!" என்றார். நானும், "நான்தான் சொன்னேனே!" என்று முதுகில் தட்டினேன். ஒரு நிமிஷம் இருக்கும். பிறகு அவர் தராசின் நெற்றியில் இருந்த சீட்டைப் பார்த்தார். அவர் கையெழுத்து, அவர் போட்ட தேதி.

கடையில் அரைமணி நேரத்துக்கு முன்னால் அறுபத்தேழு புள்ளி ஏழு. அரைமணி நேரத்தில் எந்த மனிதனுக்கும் ஒண்ணரைக் கிலோ ஏறாது. எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அன்று இந்தத் தராசு தூங்கவில்லை. உள்ளதைச் சொன்ன தராசை இவர்தான் குனிந்து, பொத்தானை அழுத்தி, பொய் பேசவைத்துவிட்டு வந்திருக்கிறார். தன் பயத்தில் இரண்டு மாதமும் அது அவருக்கு ஞாபகமே வரவில்லை. எனக்கும்தான்.

நான் அவர் காதோரம் போனேன். "வாயைத் திறக்காதீங்க மாமா. சாயங்காலம் கல்லைத் தூக்கிட்டு வந்து சத்தமில்லாம சரி பண்ணிடலாம். யாருக்குத் தெரியப்போகுது?"

"யாருக்கு எடை குறைஞ்சுதோ அவங்களுக்குத் தெரியாது மாப்ள" என்றார். "அதானே தப்பு."

நேரே டாக்டரம்மாவின் அறைக்குப் போனார். உட்காரவில்லை. "உங்க தராசு ரெண்டு மாசமா பொய் சொல்லுதும்மா. நூறு கிலோவுக்கு ரெண்டு கிலோ கூட்டிக் காட்டும். நான்தான் அப்படிப் பண்ணினேன்" என்றார். தன்னை எடைக்கல்லாக வைத்த கதையை ஒன்று விடாமல் சொன்னார். டாக்டரம்மா கோபப்பட்டுக் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு அவரையே பார்த்தார்.

"எடை குறையுதான்னு பாக்கத்தான் பாதிப் பேரை நான் திரும்பத் திரும்ப வரச் சொல்றேன்" என்றார். "குறையலைன்னா பயமில்லன்னு அனுப்பிடுவேன்."

நர்சம்மாவிடம் எடை எழுதுகிற நோட்டை எடுத்துவரச் சொன்னார். சீட்டில் இருந்த தேதியிலிருந்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார்கள். எடை மாறவில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பியவர்களை மட்டும் நர்சம்மா தனித்தாளில் எழுதினார். இருமலோடு வந்த லாரி டிரைவர். வயிற்று வலி என்று வந்த தபால்காரர். நான்கு பேர், ஐந்து பேர். மாமா ஒவ்வொரு பெயருக்கும் தலையில் ஒரு குட்டு வாங்கியது போலக் கண்ணை மூடித் திறந்தார்.

ஏழாவது பெயரில் நர்சம்மாவின் பேனா நின்றது. டாக்டரம்மாவைப் பார்த்தார். பிறகு மாமாவைப் பார்த்தார்.

"உங்க வீட்டம்மா" என்றார்.

"யாரு வீட்டம்மா?" என்று கேட்டேன் நான். புரியாமல் கேட்கவில்லை.

ஐந்து வாரத்துக்கு முன்னால் அக்கா தனியாக வந்திருக்கிறாள். படி ஏறினால் களைப்பாக இருக்கிறது, தாகம் அடங்கவில்லை, துணியெல்லாம் தொளதொளவென்று ஆகிறது என்று சொல்லியிருக்கிறாள். டாக்டரம்மா எடை பார்த்தார். ஐம்பத்தாறு. போன வருஷ அட்டையிலும் ஐம்பத்தாறு. "வீட்ல எதாவது கவலையான்னு கேட்டேன். அவருக்கு எடை குறையுது டாக்டர், அதான் கவலைன்னாங்க. ரத்தம் எடுத்துப் பாக்கலாமான்னு யோசிச்சேன். எடைதான் குறையலையே, அந்தக் கவலைதான் உங்களையும் போட்டு வாட்டுதுன்னு சொல்லிட்டேன்." டாக்டரம்மா நோட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு, "தராசு சரியான்னுகூட நான் கேட்டேன். அவங்க சிரிச்சாங்க. எங்க வீட்டுக்காரர் சரிபாத்த தராசு, தப்பாக் காட்டாதுன்னாங்க" என்றார்.

மாமாவுக்கு மனக்கணக்கு மின்னல் போல வரும். ஐம்பத்தாறிலிருந்து நூற்றுக்கு இரண்டு கழிக்கிற கணக்கு அவர் உதட்டில் ஓடுவதைப் பார்த்தேன். "ஐம்பத்தஞ்சுகூட இல்ல" என்றார்.

"முதல்ல தராசைச் சரி பண்ணுங்க. அவங்களைக் கூட்டிட்டு வாங்க. மத்தவங்களுக்கு நாங்க போன் பண்றோம்" என்றார் டாக்டரம்மா.

கடைக்கு ஓடினோம். எடைக்கற்கள் பெஞ்சின் அடியில், சுவரோரம் இருந்தன. குனிந்து கையை விட்டேன். முதலில் கையில் சிக்கியது கல் இல்லை, மாமாவின் பழைய பூட்ஸ். முனையில் இரும்பு வைத்தது, நான்கு வருஷ எண்ணெயும் மண்ணும் ஊறியது. அதைத் தூக்கி வெளியே போட்டேன். தரையில் விழுந்த சத்தத்தில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

மாமா அந்த ஜோடியை எடுத்துத் தராசில் வைத்தார். இரண்டு புள்ளி ஒன்று. எடுத்துவிட்டுக் காலில் இருந்த துணி ஷூவைக் கழற்றி வைத்தார். புள்ளி ஏழு. வித்தியாசம் ஒரு கிலோ நானூறு கிராம்.

இருபது வருஷமும் அவர் எழுபது கிலோ இல்லை. பூட்ஸோடு சேர்த்துத்தான் எழுபது. ஒரு ஜோடி கிழிந்தால் அதே ரகத்தில் அடுத்த ஜோடி வாங்குவார். அதைக் கழற்றிவிட்டுத் தராசில் ஏறியதே இல்லை. ஊரில் உள்ள கோணிப்பைக்கெல்லாம் எடை கழித்தவருக்குத் தன் காலில் கிடந்தது கண்ணில் படவில்லை. அவருக்கு நோய் இல்லை, ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு குறைந்த புள்ளி ஒன்பதும் பயந்து பட்டினி கிடந்ததில் குறைந்தது. வேறு எந்த நாளாக இருந்தாலும் இதை வைத்து ஒரு வருஷத்துக்கு அவரை ஓட்டியிருப்பேன். அன்று இருவருக்கும் சிரிப்பு வரவில்லை. இரண்டு மாதமாக அவர் ஏங்கிக் கிடந்த நல்ல சேதி தராசின் மேல் எரிந்துகொண்டிருந்தது. அவர் அதை ஏறிட்டும் பார்க்காமல் கற்களைத் தூக்க ஆரம்பித்தார்.

"நீ போய் அவளைக் கூட்டிட்டு வா மாப்ள. கல்லை நான் பாத்துக்கறேன்."

"நாலு கல்லும் நீங்க ஒருத்தரா?"

"போன்னு சொல்றேன்ல!"

நூலகம் முதல் மாடியில். செய்தி அனுப்பிவிட்டுக் கீழே நின்றேன். அக்கா படி இறங்கி வந்தாள். சுவரைப் பிடித்தபடி, ஒவ்வொரு படியாக வந்தாள். நடுவில் ஒருமுறை நின்றாள். கழுத்து எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. கையில் கடிகாரம் முழங்கைப் பக்கம் சரிந்து கிடந்தது. வாரத்தில் நான்கு நாள் அவள் வீட்டில் சாப்பிடுகிறவன் நான். மாமாவின் நாக்கின் அடி நரம்பு வரைக்கும் எனக்குத் தெரியும். என் அக்காவை நான் அன்றுதான் பார்த்தேன்.

"அவருக்கு என்னடா? ரொம்பக் குறைஞ்சுடுச்சா?" என்றாள் முதல் பேச்சாக.

"அவருக்கு ஒண்ணும் இல்லக்கா. நல்லா இருக்காரு."

"நெஜமா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பாடா" என்றாள். வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் பூட்ஸ் கதையை மட்டும் சொன்னேன். வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்ததில் மூச்சு வாங்கி, மரத்தடியில் கொஞ்சம் நின்றோம். மீதியை அங்கே வைத்துச் சொன்னேன். சிரிப்பு போயிற்று. ஆனால் கோபம் வரவில்லை. "அவர்கிட்ட கத்திடாதடா. ஏற்கெனவே நொந்துபோயிருப்பாரு" என்றாள்.

"நீ ஏன்க்கா யார்கிட்டயும் சொல்லல?"

"அவரே பயந்து கெடந்தாரு. வீட்டுக்கு ஒரு நோயாளி போதாதா?"

கிளினிக்கில் மாமா சட்டை நனைய நின்றிருந்தார். நான்கு கற்களும் தரையில் இருந்தன. எண்பது காட்டுகிறதா என்று மூன்று தரம் ஏற்றி இறக்கிப் பார்த்ததாக நர்சம்மா சொன்னார். பழைய சீட்டைக் கிழித்திருந்தார். புதுச் சீட்டு ஒட்டவில்லை.

அக்காவைப் பார்த்ததும் அவர் தராசை விட்டு விலகி வழி விட்டார். அவள் தராசில் கால் வைக்கப் போனாள். "இரு, செருப்பு" என்றார். குனிந்து, தரையில் முழங்கால் போட்டு, அவள் செருப்பைத் தன் கையாலேயே கழற்றினார். கடிகாரத்தைக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இடுப்பில் இருந்த ஊக்கு கண்ணில் பட்டது. ஒன்றுக்குப் பக்கத்தில் இப்போது இரண்டாவது ஊக்கும் இருந்தது. அதை விரலால் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

அக்கா ஏறினாள். எண் கொஞ்சம் ஆடி, நின்றது. ஐம்பத்து மூன்று புள்ளி ஒன்று.

எந்த இடத்திலும் எண்ணை உரக்கச் சொல்கிறவர் மாமா. அன்று சொல்லவில்லை. நர்சம்மா பார்த்து எழுதிக்கொண்டு, ரத்தம் எடுக்க ஊசியைத் தயார் செய்யப் போனார்.

அக்கா இறங்கவில்லை. எண்ணைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள்.

"ஏங்க, இது தப்பாக் காட்டுதோ?" என்றாள்.

தப்பு என்று அவர் சொல்லமாட்டாரா என்று எனக்கே இருந்தது. மாமா முழங்காலில் இருந்தபடியே அவள் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"இல்லம்மா" என்றார். "இப்ப சரியா இருக்கு."